ரெண்டு ரூபாய் அரிசியும் காணாமல் போன அஞ்சு கிலோவும்

திருப்பதி என்றதும் எல்லோருக்கும் லட்டும் மொட்டையும்தான் ஞாபகம் வரும். சித்தூர் மாவட்டத்துத் தமிழனான எனக்கு ரேஷன் அரிசியும் சேர்ந்தே ஞாபகம் வரும். நான் இப்போது இருக்கும் அமெரிக்காவில், 2025 நவம்பரில் அரசு முடக்கத்தால் ஏழைகளுக்கான உணவு உதவி தடைபட்டது. இங்கே டிவியில் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, எனக்கு எங்கள் ஊர் வெள்ளை கார்டுதான் கண்ணுக்குள் நின்றது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1983 ஜனவரியில் என்.டி.ராமாராவ் முதல்வரானார். அந்தத் தேர்தலில் அவர் ஜெயித்த தொகுதிகள் இரண்டு. ஒன்று குடிவாடா, இன்னொன்று நம்ம திருப்பதி. கிலோ 2 ரூபாய்க்கு அரிசி என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருஷமே கொடுக்கவும் ஆரம்பித்தார். ஆளுக்கு 5 கிலோ, குடும்பத்துக்கு அதிகபட்சம் 25 கிலோ.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் மதனப்பள்ளி, பீலேரு பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். வானம் பார்த்த பூமி. வேர்க்கடலை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் ஊர்கள். கேழ்வரகுக் களிதான் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு பண்டிகைக்கு. ரேஷன் அரிசி வந்த பிறகு ஏழை வீட்டு அடுப்பிலும் தினமும் சோறு வெந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காங்கிரஸ் ஆட்சி விலையை ஏற்றியது. 1994 டிசம்பரில் திரும்பி வந்த என்.டி.ஆர். மறுபடி 2 ரூபாய் ஆக்கினார். 1995 ஆகஸ்டில் அவர் மருமகன் சந்திரபாபு நாயுடு ஆட்சியைப் பிடித்தார். அவரும் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். சொந்த ஊர், சந்திரகிரி பக்கம் நாராவாரிப்பள்ளி. கஜானா காலி என்று சொல்லி 1996-இல் விலையை 3.50 ஆக்கினார். கூடவே ஆளுக்கு 4 கிலோ, குடும்பத்துக்கு 20 கிலோ என்று அளவையும் குறைத்தார். 2000-இல் மத்திய அரசு தன் விலையை ஏற்றவும், ஆந்திராவில் கிலோ 5.25 ஆனது.

ஐந்து பேர் உள்ள வீட்டுக் கணக்கைப் பாருங்கள். முதலில் 25 கிலோவுக்கு 50 ரூபாய். பிறகு 20 கிலோவுக்கு 70 ரூபாய். கடைசியில் அதே 20 கிலோவுக்கு 105 ரூபாய். குறைந்த 5 கிலோவை வெளிக்கடையில் வாங்க வேண்டும். அதே சமயம், 2002-இல் மத்தியத் தொகுப்பில் 6 கோடி டன்னுக்கு மேல் தானியம் குவிந்து கிடந்தது!

ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள்? ராத்திரிக்கு மறுபடி களி கிண்டினார்கள். பெங்களூருக்குக் கட்டிட வேலைக்கு பஸ் ஏறினார்கள். கார்டையே அடகு வைத்தவர்களும் உண்டு. பஞ்சம் வந்தபோது கூலிக்கு அரிசி தரும் திட்டம் வந்தது. 2001-02-இல் ஆந்திராவுக்கு ஏராளமான அரிசி கிடைத்தது. ஆனால் அதில் ஒரு பங்கு கான்ட்ராக்டர்கள் கைக்குப் போனது.

2008-இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி 2 ரூபாய் விலையைத் திரும்பக் கொண்டுவந்தார். 2011 நவம்பரில் பீலேரு எம்.எல்.ஏ.வாக இருந்து முதல்வரான கிரண்குமார் ரெட்டி அதை 1 ரூபாய் ஆக்கினார். விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? விலை இறங்கியது, அளவு ஏறவில்லை. அதே 4 கிலோ, அதே 20 கிலோ.

விலையை ஏற்றினால் தெருவுக்குத் தெரியும், ஊர்வலம் போகும். அளவைக் குறைத்தால் சமைக்கிற அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் தன் தட்டில் குறைத்துக்கொள்வாள். வெளியே யாருக்கும் தெரியாது.

ஆளுக்கு 5 கிலோ என்பதை 2013-இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்தான் உரிமை ஆக்கியது. 2023 ஜனவரியிலிருந்து அதுவும் இலவசம். 1983-இல் என்.டி.ஆர். கொடுத்த அதே அளவு சட்டமாக வர முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. அதனால் இப்போதெல்லாம் எந்த நாட்டில் மானியக் குறைப்பு என்று செய்தி வந்தாலும், எத்தனை கோடி மிச்சம் என்பதைத் தாண்டி, எத்தனை கிலோ குறைகிறது என்றுதான் தேடிப் பார்க்கிறேன்.