கமலும் விமலும் எந்த ஊர்? புத்தளம் கரையில் வணிகப் பாடம் தேடி

உயர்தரத்தில் வணிகப் பிரிவு படித்தவர்களுக்கு இந்த வரிசை தூக்கத்தில கேட்டாலும் வரும்: தனிவியாபாரம், பங்குடைமை, கூட்டுறவுச் சங்கம், கம்பனி. கணக்கீட்டில் கமலும் விமலும் 3:2 விகிதத்தில் இலாபம் பிரிப்பார்கள். பிறகு நிமல் புதுப் பங்காளராகச் சேருவார், விமல் இளைப்பாறுவார், நாங்கள் நன்மதிப்பைக் கணக்கிட்டு விமலின் கையில் காசைக் கொடுத்து அனுப்பி வைப்போம். எங்கட குழுவில் பாதிப் பேர் இரண்டு வருசம் கமலோடும் விமலோடும் காலம் கழித்துவிட்டு, இசட் புள்ளி காட்டின வழியில் கலைப்பீடத்துக்கு வந்து சேர்ந்த ஆக்கள்தான். வரலாறு படிக்கத் தொடங்கின பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் கமல் யார்? அவர் எந்த ஊர்? முதல் போட்ட காசு எங்கிருந்து வந்தது? கடையில் அவருடைய மனைவியும் நிற்கிறாவா? எந்த மொழியில் கணக்கு எழுதினார்கள்?

பாடநூலில் இதற்கெல்லாம் இடமில்லை. கமல் எல்லாருக்கும் பொதுவான ஆள். ஆனால் பொதுவான ஆள் என்று ஒருவரை வைத்தால், மற்ற ஆக்கள் எல்லாரும் மெல்ல மெல்ல வியாபாரி என்ற சொல்லுக்கு வெளியே போய்விடுகிறார்கள். கூடையில் மீன் விற்கிற பெண்ணும், பொதிமாட்டில் உப்பு ஏற்றின மனிசனும் சமூகக்கல்விப் பாடத்தில் வருவார்கள், வணிகப் பாடத்தில் வரமாட்டார்கள்.

இது எங்கட நாட்டுக் குறை மட்டுமில்லை. அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1908இல் தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் உண்மைக் கதையை எடுத்து, அதை நடத்துகிறவரின் இடத்தில் மாணவரை இருத்தி முடிவெடுக்கச் சொல்கிற முறையை உலகம் முழுக்கப் பரப்பியது அந்தப் பள்ளிதான். அவர்களுடைய முதல் கதை 1921இல் வந்தது. ஒரு சப்பாத்துக் கம்பனியைப் பற்றியது. பிறகு ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. அங்கே படிப்பித்த ஸ்டீவன் ரொஜர்ஸ் என்ற கறுப்பினப் பேராசிரியர், அந்தக் கதைகளில் கறுப்பின மனிதர் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவை நூற்றுக்கு ஒன்றுகூட வராது என்று சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானே தேடி எழுதினார், 2017இல் கறுப்பின வணிகத் தலைவர்களைப் பற்றி ஒரு பாடநெறியே தொடங்கினார். எங்களுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பகுதிதான். பன்மைத்துவம் வேண்டும் என்று கூட்டம் போட்டுக் கதைக்கிறது லேசு. வகுப்பில் வாசிக்கக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் வேலை தொடங்கும்.

புத்தளம் கரையில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. அவை 'வணிகம்' என்ற இறாக்கையில் இல்லை, அவ்வளவுதான்.

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்தது. அவர் இறங்கின ஊரைப் 'பத்தாளா' என்று எழுதுகிறார். அது புத்தளம்தான் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த கதை எங்களுக்கு ஒன்பதாம் பத்தாம் ஆண்டிலேயே தெரியும். ஆனால் அந்தப் பக்கங்களை வணிக மாணவராக ஒருக்கா வாசித்துப் பாருங்கள். மழைவெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடக்கின்றன. மலபாரிலிருந்தும் எதிர்க்கரையான மஅபரிலிருந்தும் வருகிறவர்கள் விலை கொடுக்காமல் அவற்றை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பதிலுக்கு அரசனுக்குத் துணியும் வேறு பொருட்களும் கொடுக்கிறார்கள். இது அன்பளிப்பா, வரியா, அனுமதிப்பத்திரக் கட்டணமா, பண்டமாற்றா? அரசன் முன்னால் முத்துக் குவியல் இருக்கிறது. அரசனுக்குப் பாரசீகம் விளங்குகிறது. அக்காலத்து இந்து சமுத்திர வியாபாரத்தில் பாரசீகம் தெரிவது இன்றைக்கு இங்கிலிஷ் தெரிவதுபோல. தமிழ் மொழி மூலம் படிக்கிற வணிக மாணவருக்கு, மொழி வியாபாரத்தின் கருவி என்று விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கப்போகுது?

உப்புக் கதை இன்னும் பெரிசு. கண்டி இராச்சியத்தின் மலைநாட்டில் உப்பு விளையாது. மலையிலிருந்து பாக்கு கீழே வரும், கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே போகும். காட்டுப் பாதையில் வண்டி ஓடாது, பொதிமாடுதான். இந்தப் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ள கண்டி அரசில் 'மடிகே' என்று ஒரு பிரிவே இருந்தது, அதில் முஸ்லிம்கள் முக்கியமான ஆக்களாக இருந்தார்கள். இதைப் பற்றி லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் குறித்த தனது 1994ஆம் ஆண்டு நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பௌத்த அரசன், முஸ்லிம் மாட்டுக்காரர், புத்தளக் கரை, பாக்கை வாங்கிக்கொண்டு போகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தோணிகள். இவர்கள் ஒருவரையொருவர் நேசித்தார்களா இல்லையா என்பது வேறு கதை. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குச் சோற்றில் உப்பில்லை.

ஒல்லாந்தருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் 1659இல் கற்பிட்டியைப் பிடித்தார்கள், 1667இலிருந்து 1676 வரை இருந்து கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு நாங்கள் டொல்பின் பார்க்கப் போகிற வழியில் படம் எடுக்கிற அதே கோட்டை. வரைபடத்தில் ஒருக்கா விரல் வைத்துப் பாருங்கள்: புத்தளத்திலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் களப்பு வழியாக வடக்கே வர வேண்டும், அந்த வழியில் காவல் நிற்பது கற்பிட்டி. கோட்டை கட்டினால் கதவைப் பூட்டின மாதிரி. கண்டி அரசர்கள் துறைமுகங்களைத் திறந்துவிடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடைசியில் 1766 ஒப்பந்தத்தில் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போனது. சிலாபம், புத்தளம் பக்கத்து உப்பளங்களில் கண்டி மக்கள் உப்பு எடுக்கலாம் என்று ஒரு விதி மட்டும் மிஞ்சியது. வழங்கல் சங்கிலி, தனியுரிமை என்ற இரண்டு பாடத்தையும் இதை வைத்தே படிப்பிக்கலாம். பிறகு ஆங்கிலேயர் உப்பை அரசின் தனியுரிமையாகவே வைத்திருந்தார்கள்.

சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர். இருபத்தேழு வயதில், 1834இல், இலங்கை முழுவதுக்கும் ஒரு கெசட்டியர் வெளியிட்டார். ஊர் ஊராக, என்ன விளைகிறது, யார் இருக்கிறார்கள் என்று அகரவரிசையில். எங்கட வயசு! ஆட்சியாளர்களின் மொழியில் எழுதினார், ஆட்சியாளர்களின் கண்ணாலும் பார்த்தார் என்று சொல்லத்தான் வேண்டும். அதில் மனிதர்கள் சாதியாகவும் மதமாகவும்தான் எண்ணப்படுகிறார்கள். என்றாலும் இந்தக் கரையைப் பற்றி இந்தக் கரையில் பிறந்த ஒருவர் எழுதினது. 1859இல் தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கையைத் தொகுத்து இன்னொரு நூலும் தந்தார். செட்டி குலத்தில் பிறந்தவர் புலவர்களுக்கு எழுதினார், செட்டிமாருக்கு எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் எங்கட வேலை பாதி முடிந்திருக்கும்.

பெண்களைத் தேடினால் 1988க்கு வர வேண்டும். சிலாபத்துக்கு வடக்கே அம்பகந்தவில என்ற சிங்களக் கத்தோலிக்க மீனவக் கிராமத்தில் இருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆர். எல். ஸ்டிரட் அந்த வருடம் ஒரு நூல் வெளியிட்டார். மீனவர், மீன் விற்கும் பெண்கள், மீன் வியாபாரிகள் என்று மூன்று பேரையும் நூலின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டார். எங்களுக்கு அது முக்கியமாகப்பட்டது. கடலில் பிடிக்கிற மீன் கரைக்கு வந்து காசாக மாற வேண்டும். அந்த மாற்றம் நடக்கிற இடத்தில் நிற்கிறவர்களை 'உதவி செய்பவர்' என்று எழுதினால் கணக்கே பிழைக்கும்.

அங்கிருந்து கொஞ்சம் வடக்கே வந்தால் உடப்பு, தமிழ் இந்துக்களின் ஊர். திரௌபதை அம்மன் கோயிலும் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டும் என்றுதான் ஊருக்கு வெளியே பெயர். பாட்டைத் தமிழ்த்துறை ஆக்கள் கவனித்துவிட்டார்கள். வலையை யாரும் வணிகமாகக் கவனிக்கவில்லை. கரைவலையில் சம்பளம் கிடையாது, பங்குதான். வலைக்கு ஒரு பங்கு, இழுக்கிறவர்களுக்குப் பங்கு. மீன் படவில்லை என்றால் எல்லாருக்கும் இல்லை. எங்கட பாடநூலின்படி பங்குடைமைக்கு 1890ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் பொருந்தும், முதல் ஆயிரம் ரூபாவுக்கு மேல் போனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு ஆயிரம் ரூபாவுக்கு வலையின் ஒரு மூலைகூட வராது. அப்படியென்றால் எழுத்தில் ஒன்றுமில்லாமல் தலைமுறையாக இலாபமும் நட்டமும் பிரித்து வருகிற இந்த ஏற்பாட்டுக்கு என்ன பெயர்? பரீட்சைக்கு இல்லை, ஆனால் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க வாதிடலாம்.

இனி 1990. இதை எழுதாமல் புத்தளத்தில் வணிகம் பற்றிக் கதைக்க முடியாது.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம். ஏறத்தாழ 75,000 பேர், அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. தையற்கடை, இரும்புக்கடை, லொறி, தோணி, தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். கையில் சொற்பக் காசுக்கு மேல் கொண்டுவர விடவில்லை. புத்தளத்து மக்கள் தொடக்கத்தில் சோறும் இடமும் கொடுத்தார்கள். காலம் போகப் போக தண்ணீர், காணி, பள்ளிக்கூட இடம், கூலி என்று இரு பக்கமும் உரசலும் வந்தது. நேற்றுவரைக்கும் முதலாளியாக இருந்தவர் கற்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற கதைகள் எங்கட வீடுகளிலும் உண்டு. கத்ரின் புரூன் என்ற நோர்வே ஆய்வாளர் இந்த இடம்பெயர்வு வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தானும் மன்னார் மாவட்டத்து எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர், வீடு வீடாக இழப்புகளைப் பதிவு செய்யும் வேலையில் ஈடுபட்டார். 2018இல் அவர் காலமானார்.

அந்த இழப்புப் பட்டியல்களை மனித உரிமை ஆவணமாகத்தான் எல்லாரும் வாசிக்கிறோம். அது சரிதான். ஆனால் அவை வடக்கில் முஸ்லிம்கள் நடத்தின வியாபாரத்தின் வரலாறும்கூட. யாரிடம் என்ன கடை இருந்தது, எவ்வளவு சரக்கு இருந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. விமல் இளைப்பாறும்போது நன்மதிப்பைக் கணக்கிடச் சொல்லித் தந்தார்கள். பழைய வாடிக்கையாளர், கடையின் பெயர், இருக்கிற இடம், இவையெல்லாம் சொத்து என்று. சில மணித்தியாலத்தில் வெளியேறின ஒருவருக்கு அந்தச் சொத்து எங்கே போனது? வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்தில், கடை வேறொருவர் கையில், பெயர் மட்டும் புத்தளம் முகாமில். அதே நேரம் புத்தளத்துக் கடைக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத அகதிக்குச் சாமானைக் கடனுக்குக் கொடுத்து "வித்துப்போட்டு வந்து தாங்க" என்றால், அது எந்தக் கணக்கில் வரும்? இந்தக் கேள்விக்குத் தமிழில் எழுதின ஒரு பாடக்கதை இருந்தால் வணிக வகுப்பில் முஸ்லிம் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பக்கத்தில் இருந்து வாசிக்க வேண்டி வரும். வாசித்தால் சங்கடமாக இருக்கும். எங்கட குழுவிலேயே அப்படித்தான் இருந்தது, இரண்டு கூட்டம் அதிலேயே போனது.

இவற்றில் பாதிக்கு மேல் இங்கிலிஷில் கிடக்கிறது. தமிழ்ப் பக்கம் 2005இலிருந்து நூலகம் நிறுவனம் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிற நூல்களும் மலர்களும் கைகொடுக்கும். ஊர்ப் பாடசாலைகளின் ஆண்டு மலர்களில் வருகிற ஊர் வரலாற்றுக் கட்டுரைகளைத் தட்டினால் கடைத்தெரு பற்றி ஒரு பந்தியாவது மாட்டும். மிச்சம் வீடுகளில்தான் இருக்கிறது. கடன் கொப்பி, சீட்டுக் கொப்பி, வலைப் பங்கு எழுதின துண்டு, பழைய பற்றுச்சீட்டுக் கட்டு. நாங்கள் இப்ப செய்யத் தொடங்கியிருப்பது அதைத்தான்: ஒரு தாளில் ஆறு கேள்வி, ஒரு போன். முதல் காசு யார் தந்தது, கடன் கொடுக்கும்போது பெயர் எழுதுவீர்களா அடையாளம் போடுவீர்களா, எந்த மொழியில் விலை பேசுவீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். கடன் கொப்பியில் மற்ற ஆக்களின் கடனும் மானமும் இருக்கிறது, அதனால் பெயர்களை மறைத்துத்தான் வைக்கிறோம். உங்கட வீட்டிலும் பழைய கொப்பி ஏதும் கிடந்தால், பழைய பேப்பருக்குப் போட முதல் ஒருக்காப் படம் எடுத்து வைங்க.