ஆளுக்கொரு புத்தகம், எல்லோருக்கும் ஒரு கேள்வி: தொடக்கப் பள்ளி நூலகத்தில் கூட்டுக் கற்றல்

தொடக்கப் பள்ளிகளில் 'குழுச் செயல்பாடு' என்ற பெயரில் நடப்பதைச் சற்று நின்று கவனித்தால் ஒரு விந்தை புலப்படும். ஐந்தாறு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு சார்ட் அட்டை. கையெழுத்து நன்றாக உள்ள ஒரு பிள்ளை எழுத, படம் வரையத் தெரிந்த இன்னொரு பிள்ளை வண்ணம் தீட்ட, மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அட்டை சுவரில் ஏறியதும், குழுவாகக் கற்றார்கள் என்ற குறிப்பும் பதிவேட்டில் ஏறிவிடும்.

இதற்காகப் பிள்ளைகளையோ ஆசிரியரையோ குறை சொல்லிப் பயனில்லை. எல்லோர் கையிலும் இருப்பது ஒரே பாடநூல். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் செய்தி அதே பக்கத்தில் மற்றப் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. அடுத்தவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையே அங்கே எழுவதில்லை. தேவை இல்லாத இடத்தில் கூட்டு முயற்சி வேலைப் பங்கீடாகச் சுருங்கிவிடுகிறது.

பள்ளி நூலகம் இந்த நிலையை மாற்ற வல்லது என்பதே இக்கட்டுரையின் வாதம். நூலகத்தில் ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு, ஒருவரால் தனியாக விடை காண முடியாத கேள்வியை எல்லோர் முன்னும் வைத்தால், பேசுவதும் கேட்பதும் தவிர்க்க முடியாதவை ஆகின்றன. தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளி நூலகம் இதுவரை தனி வாசிப்புக்கான இடமாகவே திட்டமிடப்பட்டு வந்திருக்கிறது. பிள்ளைகளைச் சேர்ந்து கற்க வைக்கும் இந்த இரண்டாவது ஆற்றல் அங்கே பயன்படாமல் கிடக்கிறது.

ஆஸ்டின் வகுப்பறைகளில் கண்டது

1971-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், இனப் பிரிவினை நீக்கப்பட்ட பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவழிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்களே தவிரச் சேரவில்லை. பதற்றமும் சண்டையும் மிகுந்தன. சமூக உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளைக் கவனித்து, நோய் போட்டியில் இருப்பதாகக் கண்டார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார். தெரிந்தவர் கை தூக்குகிறார். ஒருவர் தவறினால் அடுத்தவருக்கு மகிழ்ச்சி.

அவர்கள் வகுத்த 'ஜிக்சா' முறை எளிமையானது. பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு ஆறு பத்திகளாக வெட்டப்பட்டு, குழுவில் உள்ள ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பத்தி தரப்பட்டது. தேர்வோ முழு வரலாற்றிலும் வரும். ஸ்பானிய மொழி பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு சிறுவன் தன் பத்தியைச் சொல்லத் திணறியபோது மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். அவன் பத்தி கிடைக்காவிட்டால் இழப்பு தங்களுக்கே என்று உணர்ந்ததும், அவனிடமிருந்து செய்தியை வெளிக்கொணரத் தக்க கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள்.

பின்வந்த ஆய்வுகள் இதைக் கூர்மையாக்கின. குழு முழுவதற்கும் பொதுவான இலக்கும், ஒவ்வொருவரும் தனித்தனியே பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் சேர்ந்திருந்தால்தான் குழுக் கற்றல் பயன் தரும் என்றார் ராபர்ட் ஸ்லாவின். எலிசபெத் கோஹன் இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்தார். ஒரே விடை உள்ள வழக்கமான பணியில் குழுவின் பங்கு உதவி செய்வதோடு நின்றுவிடுகிறது. விடை திறந்திருக்கும் பணியில்தான் உரையாடல் கற்றலாக மாறுகிறது. அடுத்தது, வகுப்பில் ஏற்கெனவே மதிப்பு உள்ள பிள்ளையே குழுவிலும் அதிகம் பேசும், அதனால் அதிகம் கற்கும். சாதியும் பாலினமும் வாசிப்புத் திறனும் யார் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஊர்ப் பள்ளிகளில் இந்த இரண்டாவது எச்சரிக்கைக்குக் கூடுதல் எடை உண்டு.

புத்தகங்களும் அவற்றை அறிந்த ஒருவரும்

இந்த ஆய்வாளர்கள் பாடப்பொருளைச் செயற்கையாக வெட்டிப் பங்கிட வேண்டியிருந்தது. நூலகத்தில் அந்தப் பங்கீடு இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆனால் புத்தகங்கள் இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மேரி கேவர் 1960-களின் தொடக்கத்தில் ஆறு தொடக்கப் பள்ளிகளை ஒப்பிட்டார். வகுப்பறைகளில் மட்டும் புத்தகங்கள் வைத்தவை, நூலகர் இல்லாமல் பொதுத் தொகுப்பு வைத்தவை, நூலகருடன் முழு நூலகம் நடத்தியவை என அவை மூவகை. நூலகர் உள்ள பள்ளிகளின் பிள்ளைகளே கல்வியில் கூடுதல் முன்னேற்றம் காட்டினார்கள்.

நூலகர் அங்கே என்ன செய்கிறார்? அதே பல்கலைக்கழகத்தின் கரோல் கூல்தாவ் விடை தேடும் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, தேடலை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். அவற்றில் மூன்றாவதான ஆராய்தல் கட்டத்தில் தெளிவு கூடுவதற்குப் பதில் குழப்பம் கூடுகிறது. ஒரு புத்தகம் சொல்வதோடு மற்றொன்று பொருந்தாது. மாணவர்கள் மனம் தளர்ந்து, கிடைத்ததைப் பார்த்தெழுதி முடிப்பதும் இங்கேதான். அந்த வேளையில் அருகில் வந்து பேசும் பெரியவர் ஒருவர் தேவை. மேல்நிலை வகுப்பு மாணவர்களிடம் தொடங்கிய ஆய்வு இது என்றாலும், பத்து வயதுக் குழந்தைக்கு அந்தத் துணை இன்னும் கூடுதலாகவே தேவைப்படும்.

ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து உழைப்பதிலும் படிகள் உண்டு என்று 2005-இல் பட்ரீசியா மொந்தியேல்-ஓவரால் காட்டினார். நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது கீழ்ப்படி. பாடத்தை இருவரும் சேர்ந்தே வடிவமைத்து, நடத்தி, மதிப்பிடுவது உச்சப் படி. கூட்டுக் கற்றல் குழந்தைகளுக்கு மட்டும் உரிய பயிற்சி என்ற எண்ணம் இங்கே உடைகிறது.

தமிழ்நாட்டுப் பாதை

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷிவேலி முறையிலிருந்து கிளைத்தது. பெஞ்சை விட்டுப் பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்ததும், ஆசிரியர் அவர்களோடு தரையில் உட்கார்ந்ததும் சிறிய மாற்றங்கள் அல்ல. ஆனால் அம்முறையின் கற்றல் ஏணிப்படியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் தன் பாட அட்டையை முடித்து ஏறியது. சக மாணவர் உதவி இருந்தது. எல்லோரும் சேர்ந்து விடை காண வேண்டிய பொதுக் கேள்வி அதன் மையத்தில் இருக்கவில்லை. கோஹன் பிரித்துக் காட்டிய வேறுபாடு இதுவே. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளும், 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளும் தனிக் குழந்தையின் திறனுக்கேற்ப உதவுகின்றன. மிகத் தேவையான வேலை அது. இருந்தும் பிள்ளைகளை அவை நிலைவாரியாகவே பார்க்கின்றன.

சட்டத்தின் நிலையும் அரைகுறைதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ், கதைப் புத்தகங்கள் உள்ள நூலகம் வேண்டும் என்கிறது. தொடக்கப் பள்ளிக்கு நூலகர் வேண்டும் என்று சொல்லவில்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே. கேவரின் ஆய்வில் பின்தங்கிய வகை எதுவோ அதுவே இங்கே சட்டப்படி போதுமானது ஆகிறது.

ஊர் ஏரி: ஒரு மாதிரி

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு. ஏரியுள்ள ஊரின் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் நான்கு, ஐந்தாம் வகுப்புகள் ஒரே அறையில் படிப்பதாகக் கொள்வோம். கேள்வி: கோடையில் நம் ஏரி வற்றும்போது அதை நம்பியிருக்கும் உயிர்கள் என்ன ஆகின்றன?

நால்வர் கொண்ட குழுக்கள். ஒருவருக்குப் பறவைகள் பற்றிய புத்தகம், ஒருவருக்கு மீன்கள் பற்றியது, ஒருவருக்கு வேளாண்மையும் பாசனமும் பற்றியது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நான்காவது பிள்ளைக்குக் குளத்து உயிர்கள் பற்றிய படப் புத்தகம். ஒரே வகைப் புத்தகம் பெற்ற பிள்ளைகள் முதலில் தனியே கூடித் தங்களுக்குள் பேசித் தெளிவார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்புவார்கள். படப் புத்தகம் பெற்ற பிள்ளையிடம்தான் ஆமையும் தவளையும் சேற்றில் புதைந்து கோடையைக் கழிக்கும் செய்தி இருக்கிறது. அது இல்லாமல் குழுவின் விடை முழுமை அடையாது. மதிப்பு குறைந்த பிள்ளைக்குப் பேச வாய்ப்புக் கொடுங்கள் என்று அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அந்த வாய்ப்பு பணியின் அமைப்பிலேயே இருக்கிறது.

புத்தகங்கள் நின்றுபோகும் இடமும் வரும். மதகை எப்போது திறந்தார்கள், கலங்கல் கடைசியாக எப்போது வழிந்தது என்பது எந்த அச்சுப் புத்தகத்திலும் இராது. முன்பு ஏரி நீரைப் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்த ஒரு பெரியவரைப் பள்ளிக்கு அழைத்துக் கேட்கலாம். அவர் சொல்வதும் புத்தகம் சொல்வதும் முரண்பட்டால், கூல்தாவ் சொன்ன குழப்பம் வந்துவிட்டது என்று பொருள். ஆசிரியர் அப்போது தீர்ப்புச் சொல்லாமல், எதை எப்படிச் சரிபார்ப்பது என்று பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்.

முடிவில், ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தரப்படாத ஒரு பகுதியை விளக்க வேண்டும். ஸ்லாவின் கேட்ட தனிப் பொறுப்பு இது. குழு எழுதித் தைத்த சிறு புத்தகத்துக்கு எண் கொடுத்து நூலகத் தட்டில் வைத்தால், அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு மூலநூல். நூலகம் வளரும் உயிரி என்று 1931-இல் தம் நூலகவியல் விதிகளில் ஐந்தாவதில் சொன்ன சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இது உடன்பாடாகவே இருந்திருக்கும்.

தடைகள்

முதலில் படிக்கட்டும், பிறகு செயல்திட்டம் என்பது வலுவான மறுப்பு. நிபுண் பாரத் போன்ற திட்டங்கள் அடிப்படை எழுத்தறிவையே முன்வைக்கின்றன. ஆனால் மேலே கண்ட பங்கீடு படிக்கும் திறன் சமமாக இருப்பதை எதிர்பார்க்கவில்லை. சொல்லப்போனால், ஒருவருக்குச் சொல்ல வேண்டும் என்ற நெருக்கடி, மறுமுறை படிப்பதற்கு நல்ல காரணம்.

நேரம் இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. ரங்கநாதனின் நான்காம் விதியே வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. இங்கே ஒரு பிரிவினை தேவை. புத்தகத்தைத் தேடும் நேரம் மிச்சப்பட வேண்டும். புத்தகத்தோடு மல்லாடும் நேரத்தில் கை வைக்கக் கூடாது. முதல் செயல்திட்டமாக நூலகப் புத்தகங்களையே பிள்ளைகள் கலந்து பேசி வகைபிரிக்கலாம். யானை பேசும் கதை விலங்குகளில் சேருமா, கதைகளில் சேருமா என்ற வாக்குவாதமே ஒரு நல்ல பாடவேளை.

மூன்றாவது தடையை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கிழிந்த புத்தகத்துக்கு இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். பீரோ பூட்டியிருப்பதற்கு அலட்சியத்தைவிட இந்த அச்சமே பெரிய காரணமாகிறது. பயன்பாட்டால் தேயும் புத்தகங்களை ஆண்டுதோறும் கேள்வியின்றிக் கழிக்க ஒரு விழுக்காட்டை அரசாணையிலேயே வகுத்துவிட்டால், பூட்டு தானாகத் திறக்கும்.

நூலகர் இல்லாமை மட்டும் பள்ளி அளவில் தீராது. அதற்கான வழி வெளியே இருக்கிறது. 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் நூலக வரியில் இயங்குகின்றன. பருவத்துக்கு ஒரு பொருளை ஆசிரியரும் ஊர்ப்புற நூலகரும் சேர்ந்து தேர்ந்து, அதற்கான இருபது புத்தகங்களை ஒரு மாதம் பள்ளிக்கு இரவல் தர வகை செய்யலாம். சமக்ர சிக்ஷா என்ற கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆர்வமூட்டும் தனிக் கதைகளோடு, ஒரே பொருளில் பல நிலைப் புத்தகங்களையும் வாங்க அதைச் செலவிடலாம். ஆய்வு அலுவலர் எத்தனை புத்தகம் வழங்கப்பட்டது என்று கேட்பதோடு, எந்தக் கேள்விக்காக வழங்கப்பட்டது என்றும் கேட்டுப் பதிவு செய்தால், மாற்றம் எங்கே வேர்விட்டது என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒப்பிட்டு அறியலாம்.