வால்வு அம்பிளிபயரும் மூடி வைத்த வித்தையும்

எங்கள் வீட்டு விறாந்தையில் பேரனாரின் வால்வு றேடியோ ஒன்று இருந்தது. நான் அறிய அது பாடியதில்லை. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம் அது. சிறிய திரான்சிஸ்டர் பெட்டிக்கு அந்த மிதிப்புப் போதும். வால்வுக்கோ உள்ளிழை செந்தணலாய்ச் சூடேற வேண்டும். அதன் மேல் நூற்றுக்கணக்கான வோல்ற் அழுத்தமும் வேண்டும். 1995 இடப்பெயர்வு முடிந்து திரும்பியபோதும் பெட்டி அங்கேயே இருந்தது. அந்தப் பாரத்தைத் தூக்கிப் போக எவரும் விரும்பவில்லைப் போலும்.

வால்வு செத்த தொழில்நுட்பம் என்றே எண்ணியிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் அவ்வெண்ணத்தைக் குலைத்தார். பகலில் கணக்காளர், வார இறுதியில் இசைக்குழு ஒன்றில் கிற்றார் வாசிப்பவர். கையால் இணைத்துச் செய்த வால்வு அம்பிளிபயர் ஒன்றுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறார்.

"30 கிலோ, சேர். படியேத்தி முடிய நாரி போயிடும். வால்வு தேய்ஞ்சால் மாத்த வேணும். ஆனா விரலை மெல்ல வைச்சால் மெல்லக் கதைக்கும், அழுத்தினால் அழும். மற்றதுகள் அப்பிடிச் செய்யாது" என்றார்.

அந்த அழுகையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன், நேயர்களே.

1904இல் பிளெமிங் இரு மின்வாய் வால்வை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரெஸ்ற் மூன்றாவது மின்வாயைச் சேர்த்தார்; அதன் வழியே மெலிந்த ஒலி பெருகலாயிற்று. கலிபோர்னியாவில் 1938இல் றேடியோ திருத்தும் கடை திறந்த லியோ பெண்டர், பின்னர் கிற்றாருக்கும் அம்பிளிபயருக்கும் பெயர் பெற்றார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை. அவருடைய 'பாஸ்மன்' தாழ்சுரக் கிற்றாருக்கென வந்தது. சாதாரணக் கிற்றார்க்காரர் அதைத் தமதாக்கிக் கொண்டனர். முழு வலுவில் திருகினால் வால்வு தாங்க மாட்டாது. ஒலியலையின் முடி சட்டென வெட்டுப்படாமல் வளைந்து மழுங்கும். பொறியியல் நூலில் அது குற்றம். இசைஞர் காதில் அதுவே குரல்.

மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னுமிடத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல், மேளம் கற்பித்தவர். அமெரிக்கப் பொருளின் விலை கைக்கு எட்டாதிருந்தது. 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து பாஸ்மனைப் படியெடுத்தார். ஆங்கிலேய நாட்டில் கிடைத்த உறுப்புகளைப் பொருத்தியதால் ஒலி வேறாயிற்று. ஏடு பெயர்த்து எழுதுவோன் கையில் பிறக்கும் பாடபேதம் போன்றது இது. மூலத்தை விடப் பேதமே இனிது என்று சொன்னவர்கள் பலர். 1966இல் எரிக் கிளப்ரன் ஜோன் மேயலுடன் செய்த இசைத்தட்டில் ஒலிப்பது மார்ஷல்தான். டாட்போர்ட் நகரில் பிறந்த வொக்ஸ் ஏ.சி. 30 பீற்றில்ஸ் குழுவினரின் பெட்டி. ஈ.எல். 84 என்ற சிறு வால்வுகள் நான்கு அதன் உயிர்.

ஆலைப் பெருக்கத்தின் பின்னரும் தனியாட்கள் இருவர் தம் மேசையில் வைத்து ஒவ்வொன்றாய்ச் செய்தனர். என் மனம் இவர்களிடமே நின்றுவிட்டது.

கலிபோர்னியாவின் அலெக்சாண்டர் டம்பிள் வாசிப்பவரின் கைப்பழக்கத்தைக் கேட்டே பெட்டியைச் சமைத்தார். 2022இல் இறக்கும்வரை அவர் செய்தவை சுமார் 300 என்பர். இன்று ஒன்றின் விலை ஒரு இலட்சம் டொலரையும் தாண்டும். ஸ்ரீவி ரே வோனின் முதலாவது இசைத்தட்டில் ஒலிப்பதும் டம்பிள் செய்த பெட்டியே. அவர் உள்ளுறுப்புகளின் மேல் கெட்டிப் பசையை ஊற்றி மூடிவிடுவார். பிறர் பார்த்துச் செய்யக் கூடாதாம்.

நியூ ஜேர்சியின் கென் பிஷர் மற்றொரு வகை. தம் பெட்டிகளுக்கு இலக்கம் இடாமல் பெண்களின் பெயரை இட்டார். நெடுநாள் நோயினால் நலிந்தவர். சுமார் 100 பெட்டிகளே செய்தார். ஆனால் அறிந்ததைச் சஞ்சிகையில் எழுதினார். பிற்காலத்தில் இளையவர்களுக்கு வடிவமைத்தும் கொடுத்தார். 2006இல் மறைந்தார்.

நம் வைத்தியரும் பரிபாஷையால் மருந்தை மறைத்தனர். பூட்டிய பெட்டகத்தில் செல்லுக்கு இரையான ஏடுகள் எத்தனை! சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றாவிடில், வகுப்பில் எதை வைத்துக் கற்பிப்பேன்? எனினும் டம்பிளைக் குறை கூற நா எழவில்லை. வாழ்நாள் உழைப்பை ஒருவன் ஒரு மாலையில் படியெடுத்து விற்பதைக் கண்டு எவர் பொறுப்பார்? பசையாலும் பயனில்லாமற் போயிற்று என்பது வேறு கதை. பொறுமைசாலிகள் அதையும் உரித்து வரைபடம் எடுத்துவிட்டனர்.

மாணவர் புறப்படும் நாளில் பேரனாரின் பெட்டியின் பின்மட்டையைக் கழற்றினோம். உட்புறத்தில், எந்தக் குழியில் எந்த வால்வு என்று காட்டும் தாள் ஒன்றைச் செய்தவர்களே ஒட்டியிருந்தார்கள். பழுத்துப் போயிருந்தாலும் எழுத்து வாசிக்கக் கூடியதாயிருந்தது. மாணவர் டோர்ச் அடித்து ஒரு குமிழைத் துடைத்தார்.

"சேர், இது ஈ.எல். 84. என்ரை அம்பிளிபயரிலை இருக்கிற அதே சாமான்!"

அதை அவருக்கே கொடுக்க முற்பட்டேன். அவர் வாங்கவில்லை. தாளில் இருந்த இலக்கங்களை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு, வெறுமையாய்க் கிடந்த இரண்டு குழிகளுக்கும் வால்வு தேடி அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.