பெரட்டுக்கு வந்த புரோசசர்

பசறைப் பக்கத்து மலைகளில் போன் பேச யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். இஸ்தோப்பில் எந்த மூலை, கோயிலுக்கு ஏறும் பாதையில் எந்தப் படி என்று லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் சிக்னல் கிடைக்கும் இடம் தெரியும். கொழும்பில் கடையில் நிற்கிற மகன் ராத்திரி எடுப்பான் என்று அம்மா அந்த மூலையில் போனை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கோடுகள் மறையும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். போனில் போட்டுவிட்ட பழைய படம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் அது மலை மறைப்புத்தான். சில நேரம் போனுக்குள்ளேயே ஒரு புரோசசர் விழுந்து எழும்பியிருக்கும். விழுந்ததைத் தூக்கிவிடும் ஒரு ஏற்பாடு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸில் இருக்கிறது. அதன் பெயர் ரிமோட்பிராக்.

போனுக்குள் இருப்பது ஒரு புரோசசர் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியின் ஓமேப் 4 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் போனில் இருந்தது இந்தக் குடும்பத்துச் சிப்தான். அதில் கார்ட்டெக்ஸ் ஏ9 இரண்டு, கார்ட்டெக்ஸ் எம்3 இரண்டு, அவற்றோடு சிக்னல்களைக் கணக்கிடும் ஒரு டிஎஸ்பி. ஏ9 இரண்டிலும் லினக்ஸ் ஓடும். மற்ற மூன்றிலும் தனித்தனியாகச் சின்ன இயங்குதளம். எல்லாம் ஒரே சிப்புக்குள் என்றாலும் லினக்ஸின் கை அவற்றுக்குள் எட்டாது. ‘ரிமோட்’ என்ற பெயர் அதனால்தான்.

இப்படி ஒரு துணைப் புரோசசருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும், அதில் ஓடும் நிரலான ஃபர்ம்வேரை நினைவகத்தில் ஏற்ற வேண்டும், எழுப்ப வேண்டும், பேச வேண்டும், அணைக்க வேண்டும். வேலை எல்லாச் சிப்பிலும் ஒன்றுதான். ஆனாலும் ஒவ்வொரு சிப்புக்கும் தனி டிரைவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். முந்தின ஓமேப் 3க்கு டிஎஸ்பி பிரிட்ஜ் என்று ஒன்று இருந்தது. அடுத்த சிப்புக்கு அது உதவவில்லை.

2011 ஜூனில் ஓஹாத் பென்-கோஹன் என்ற நிரலாளர் ரிமோட்பிராக் என்ற பொது ஏற்பாட்டை, லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் முன் வைத்தார். அந்த நிரலின் தலைப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ்காரர்களின் பெயர்களோடு கூகுளின் பிரையன் ஸ்வெட்லண்ட் பெயரும் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவானது நடுவில் ஒரே இடத்தில். அந்தந்தச் சிப்புக்கு மட்டும் உரியது சின்ன டிரைவரில். 2012 மே 20 அன்று வெளியான லினக்ஸ் 3.4இல் அது இடம்பிடித்தது.

இதில் என் மனம் நிற்கிற இடம் ஒன்று உண்டு. ஃபர்ம்வேர் கோப்புக்குள் ‘ரிசோர்ஸ் டேபிள்’ என்று ஒரு பகுதி. எனக்கு இவ்வளவு நினைவகம் ஒரே துண்டாக வேண்டும், இந்த வன்பொருள் முகவரி வேண்டும், நான் குறிப்பு எழுத இவ்வளவு இடம் வேண்டும், பேச இன்ன வழி வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கெர்னல் முதலில் அதை வாசிக்கும். கேட்டதை ஒதுக்கிக் கொடுத்த பிறகுதான் அந்தப் புரோசசரை வேலைக்கு எழுப்பும்.

எங்கள் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பேச்சு மேலிருந்து கீழே மட்டும்தான் வரும். விடிகாலைக் குளிரில் வரிசையாக நிற்பார்கள். இன்றைக்கு எந்த மலை, எத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளை சொல்வார். என் பாட்டி கிழிந்த படங்கைச் சாக்கு நூலால் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார். புதுப் படங்கு வேண்டும் என்று சொல்ல அந்த வரிசையில் நேரமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஒரு சிப்புக்குள் இருக்கும் சின்னப் புரோசசருக்குக் கேட்க ஓர் இடத்தை யோசித்து வைத்திருக்கிறார்களே என்று, முதன்முதலாக அந்த டேபிளைப் பற்றி வாசித்த அன்று நினைத்தேன்.

இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் வழிக்கு அடிப்படையைப் புதிதாகக் கட்டவில்லை. மெய்நிகர் கணினிகளுக்காக ரஸ்டி ரஸ்ஸல் ஆக்கிய விர்டியோவையே எடுத்துக்கொண்டார்கள். பொதுவான நினைவகத்தில் ஒரு வளையம். ஒருவர் அதில் செய்தியை வைத்துவிட்டு மற்றவரைத் தட்டுவார். அவர் வந்து எடுத்துக்கொள்வார். தட்டுகிற அந்த ஃபங்ஷனின் பெயரே ‘கிக்’.

விழுந்தால் எழுப்புவது முதல் நாளிலேயே இருக்கவில்லை. 2012இல்தான் ஃபெர்னாண்டோ குஸ்மான் லூகோ அதைச் சேர்த்தார். துணைப் புரோசசர் நிலைகுலைந்தால் கெர்னல் அதை மட்டும் அணைத்து, ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி, முதலிலிருந்து ஓட்டும். முழு போனும் அணைந்து எழ வேண்டியதில்லை. கையால் எழுப்புவதும் லேசு: ‘ஸ்டேட்’ என்ற கோப்பில் ‘ஸ்டார்ட்’ என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

பிறகு மற்றச் சிப்புகளின் டிரைவர்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பியோர்ன் ஆண்டர்சன் எழுதிய குவால்காம் டிரைவர் 2016இல் வந்தது. அது எழுப்புவது ஹெக்ஸகன் புரோசசரை. போன் கோபுரத்தோடு பேசுகிற மோடம் அதில்தான் ஓடுகிறது. மோடம் விழுந்தால் கெர்னலுக்கு ஒரு இன்டரப்ட் வரும். கெர்னல் மோடத்தை அணைக்கும். ஃபர்ம்வேர் மறுபடி ஏறும். எழுந்த மோடம் கோபுரத்தைத் தேடத் தொடங்கும். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, இஸ்தோப்பு மூலையில் கோடுகள் ஒன்று, இரண்டு என்று திரும்பி வருகின்றன.