ஹேல் தேநீர்க் கலங்கள்
ஜெர்மனியில் பெர்லினுக்கு அண்மையிலுள்ள மார்விட்ஸ் என்னும் ஊரில், வைமார் நகரத்து பௌஹவுஸ் கலாசாலையில் சொற்ப காலம் பயின்று வெளியேறிய மார்கரெட்டே ஹைமான் (1899-1990) என்னும் யூதப் பெண்மணி, 1923-இல் தம் கணவருடனும் கணவரின் சகோதரருடனும் நிறுவிய ஹேல் தொழிற்சாலையில் உருவான மட்கலங்கள். இவற்றுள் 1930-ஐ ஒட்டிச் செய்யப்பெற்ற தேநீர்த் தொகுதி பிரசித்தமானது. கூம்பு வடிவான அக்கலங்களில், விரல் நுழையும் வளையத்துக்குப் பதிலாகத் துவாரமற்ற வட்டத் தகடுகளே பிடியாக அமைந்திருத்தலின், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தகட்டை இடுக்கியே தூக்குதல் வேண்டும். சுடுகின்ற டம்ளரை விளிம்பில் பற்றிக் காப்பி அருந்தும் நெல்லையார்க்கு இது சிரமமாய்த் தோன்றாது. சௌகரியத்தினும் வடிவத்தின்மீதே அம்மையாருக்குப் பிரியம் மிகுதி. 1876-இல் பெர்லின் அறிஞர் யாகோர் தாமிரபரணிக் கரையில் அகழ்ந்த ஆதிச்சநல்லூரின் கருப்பு-சிவப்புக் கலங்களைக் கண்டவர்களுக்கு, அலங்காரமின்றி வடிவத்தாலேயே அழகு பெறும் இம்முறை புதிதன்று.

1928-இல் அவ்விரு சகோதரரும் மோட்டார் விபத்தில் ஒருங்கே மாண்டபின், இவர் தனித்தே தொழிலை நிர்வகித்தார். நாஜிகளின் ஆட்சியில், 1934-இல், தொழிற்சாலை குறைந்த விலைக்குக் கைமாறிற்று. மறுவருஷம் நாஜிப் பிரசார மந்திரி கெப்பல்ஸின் பத்திரிகை இவருடைய கலங்களை நிந்தித்து, கைமாறிய தொழிற்சாலையில் புதிதாக வனையப்பட்டவற்றைப் போற்றியது. அவையும் அதே சூளையில் வெந்தவை என்பதை அப்பத்திரிகை பொருட்படுத்தவில்லை. 1936-இல் இங்கிலாந்து புகுந்து, மட்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஸ்டோக்-ஆன்-டிரென்டில் பணிபுரிந்த இவர், மறுமணத்துக்குப்பின் கிரேட்டே மார்க்ஸ் எனப்பட்டார். பழைய கியாதி அங்கே வாய்க்கவில்லை.