மட்டக் குதிரைகளும் அளவுகோலும்

பிரிட்டிஷ் தீவுகளில் கோடைகாலம் பிறந்துவிட்டால் ஊர்தோறும் வேளாண்மைக் காட்சிகள் தொடங்கிவிடும். கால்நடை வளர்ப்போர் தத்தம் விலங்குகளைச் சீர்செய்து நடுவர் முன் கொணர்ந்து நிறுத்துவர். அக்காட்சிகளில் நாட்டு மட்டக் குதிரைகளுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஷெட்லாந்து, எக்ஸ்மூர், டார்ட்மூர், வெல்ஷ், நியூ பாரஸ்ட், ஹைலண்டு, பெல், டேல்ஸ் என்பன அவ்வினங்களுள் சில. அயர்லாந்தின் கானெமாராவும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படும். மலைச் சாரல்களிலும் கரம்பு மேடுகளிலும் குளிரையும் மழையையும் தாங்கி வளர்ந்தவை இவை.

இப்போட்டிகளில் புதிதாகச் சேர விரும்பும் இளைஞர் முதலில் ஒரு விதிப் புத்தகத்தைப் படித்தாக வேண்டும். குதிரையின் உயரம் என்ன, வயது என்ன, பதிவு எண் என்ன, பெற்றோர் எவை என்று அது அடுக்கடுக்காகக் கேட்கும். விளையாட்டுக்கு இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்ற வினா அவர் மனத்தில் எழுவது இயல்பே. விடை சரித்திரத்தில் இருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் நிகழ்ந்த ரோஜாப் போர்களில் இங்கிலாந்து தன் போர்க்குதிரைகளுள் பலவற்றை இழந்தது. கவசம் பூண்ட வீரனைச் சுமக்கப் பெரிய குதிரை வேண்டும் என்று கருதினார் எட்டாம் ஹென்றி மன்னர். 1535, 1540 ஆகிய ஆண்டுகளில் அவர் சட்டங்கள் இயற்றினார். குதிரையின் உயரத்தைக் ‘கை’ என்னும் அளவால் குறிப்பர். ஒரு கை என்பது 4 அங்குலம். குறிப்பிட்ட மாவட்டங்களில் 15 கை உயரத்துக்குக் குறைந்த ஆண் குதிரையைப் பொது மேய்ச்சல் நிலத்தில் விடக்கூடாது என்றது 1540-ஆம் ஆண்டுச் சட்டம். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வளைத்து, நல்ல குட்டி ஈனத் தகுதியற்றவை எனத் தோன்றும் குதிரைகளைக் கொன்று புதைக்கவும் அது ஆணையிட்டது. குள்ளமாகப் பிறந்ததே அவ்வுயிர்களுக்குக் குற்றமாயிற்று.

ஆனால் மன்னரின் ஆணை மண்ணின் இயல்பை மாற்றவில்லை. புல் குறைந்த மலைகளிலும் ஈரம் நிறைந்த சதுப்புகளிலும் பெரிய குதிரைக்குப் போதிய தீனி ஏது? எலிசபெத் அரசியார் காலத்தில், 1566-இல், கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலப் பகுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதிகாரிகள் எளிதில் எட்ட முடியாத மேடுகளில் சிறு குதிரைகள் பிழைத்திருந்தன.

அடுத்த ஆபத்து, அவற்றை நாடியவர்களாலேயே வந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்தினுள் வேலை செய்யலாகாது என்று 1842-இல் சட்டம் பிறந்தது. மனிதநேயத்தால் எழுந்த அச்சட்டத்தின் பின், நிலக்கரி வண்டியை இழுக்கச் சிறு குதிரைகளுக்குத் தேவை மிகுந்தது. ஷெட்லாந்துத் தீவுகளின் சிறந்த ஆண் குதிரைகள் சுரங்கங்களுக்கு விற்கப்பட்டன. ஊரில் எஞ்சியவற்றால் இனம் நலிந்தது. இந்நிலையில் 1890-இல் ஷெட்லாந்து இனத்துக்கு ஒரு சங்கமும் குலப் பதிவேடும் தோன்றின. எந்தக் குட்டி எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்று எழுதிவைக்கும் ஏடு அது. 1901-இல் வெல்ஷ் இனத்துக்கும், 1921-இல் எக்ஸ்மூர் இனத்துக்கும் சங்கங்கள் அமைந்தன.

இரண்டாம் உலகப் போரின்போது எக்ஸ்மூர் மேட்டுநிலம் படைப் பயிற்சிக் களமாயிற்று. சில குதிரைகள் சுடப்பட்டன. சில இறைச்சிக்காகத் திருடப்பட்டன. போர் முடிந்தபோது எஞ்சியவை ஏறத்தாழ 50 மட்டுமே. மேரி எதரிங்டன் என்னும் அம்மையார் முன்னின்று உழைத்து, எஞ்சியோரைத் திரட்டி, இனத்தை மீட்க வழிசெய்தார். அழிவின் விளிம்பில் நின்ற இனத்துக்குப் பதிவேடு எத்தகைய துணை என்பதை இதனால் உணரலாம்.

இனி விதிகளைப் பார்ப்போம். ஷெட்லாந்துக் குதிரை 42 அங்குலத்துக்கு மேல் வளர்ந்திருக்கலாகாது. டார்ட்மூருக்கு எல்லை 12 கை 2 அங்குலம். வெல்ஷ் இனம் நான்கு பிரிவாக வகுக்கப்பட்டுள்ளது. முதற் பிரிவான மலைக் குதிரைக்கு எல்லை 12 கை. அன்று ‘இதற்குக் குறையாதே’ என்று மிரட்டிய அளவுகோல், இன்று ‘இதற்கு மேல் போகாதே’ என்று காவல் நிற்கிறது. ஏன்? பெரிய குதிரைகளோடு கலந்து உயரத்தைக் கூட்டினால், கடுங்குளிரில் சிறிதளவு தீனியால் வாழும் ஆற்றல் கைநழுவிப் போகும். எக்ஸ்மூர்க் குதிரையின் உடலில் வெள்ளைக் குறி இருத்தலாகாது என்ற விதியும் இனத் தூய்மையைக் கருதியதே.

தொடங்குவோர் செய்யவேண்டியவை சில. குதிரை தன் இனத்தின் பதிவேட்டில் இடம்பெற்றிருக்க வேண்டும். அதற்குரிய அடையாளச் சீட்டில் உள்ள பெயரையே நுழைவுத் தாளில் பிழையின்றி எழுத வேண்டும். குதிரையின் வயது ஜனவரி முதல் நாளிலிருந்து கணக்கிடப்படும். பொதுவாகப் பிடரி மயிரைப் பின்னாமல் இயற்கையாக விடுவதே மரபு. கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டும் பிரிவு ஒன்று, ஏறிச் செலுத்தும் பிரிவு மற்றொன்று. புதியவர் தம் ஊர்ச் சிறு காட்சியில் முதற் பிரிவில் பழகுவது நன்று. நுழைவு முடியும் நாளை முன்னரே குறித்துக்கொள்ள வேண்டும். காட்சிக்குக் காட்சி விதி மாறுமாதலால், அவ்வாண்டின் விதிப் புத்தகத்தையே பார்க்க வேண்டும்.

நடுவர் உடலமைப்பு, நடை, குணம் ஆகியவற்றோடு இனத்தின் சாயலையும் தேடுகிறார். அழகிய குதிரையாயினும் தன் இனத்தின் சாயல் இல்லையேல் பின்வரிசைக்கே செல்லும். மாணவர்களே, அத்தீர்ப்பு கடுமையானதாகத் தோன்றலாம். ஆனால் பரிசு பெறும் குதிரையிடமே நாளைய குட்டிகளைப் பெற மக்கள் விரும்புவர். ஆகவே நடுவரின் கை எதைச் சுட்டுகிறதோ, அதுவே அடுத்த தலைமுறையின் உருவமாகிறது.