பூட்டிக் கிடந்த வீடுகள்

புதுச்சேரித் தமிழர் தெருக்களில் சில பெரிய வீடுகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததற்கு ஒரு காரணம் 1962-இல் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 16-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களில் பலர் பிற்பாடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். ஒரே வீட்டுக்குப் பாரிசிலும் வாரிசு, இங்கும் வாரிசு. எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பூட்டு திறக்கும். குமாஸ்தாவாக இருந்த காலத்தில் அந்த மாதிரிக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

பூட்டிய வீட்டைக் கெடுப்பது வயதல்ல, தண்ணீர். மாடியில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஆளில்லை. வேர் வழியே மழை இறங்கி, சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் முனை உளுத்துப் போகும். கவனிப்பு குறைந்தால் அரசுக் கட்டடமும் தப்பாது. கடற்கரையில் கம்பீரமாக நின்ற நம் மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே!

மீட்கவும் முடியும். வைசியாள் வீதியில் திண்ணை வைத்த முகப்புகளை இன்டாக் முன்னின்று சீராக்கியது. 2008-இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

இப்போது நான் வசிக்கும் பாச்சலூரிலும் நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பழுதுபார்த்து ஒரு குடும்பம் குடியேறுகிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூச இருந்தார்கள். வேண்டாம் என்றேன். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். மலைக் குளிரில் அது இன்னும் கேடு. ஒன்று மட்டும் நான் சொல்லாமலே சரியாகச் செய்திருந்தார்கள்: வாரிசுப் பத்திரத்தை முடித்த பிறகே கொத்தனாரைக் கூப்பிட்டார்கள்.